வெடி என்றுதான் நினைத்தோம்

“இவனுங்களை எல்லாம் நடுரோட்டில் நிற்கவைத்துச் சுடணும்” என்று போனைப் பார்த்துக்கொண்டே சொன்னீர்களே, சார், நீங்கள் துப்பாக்கிச் சத்தம் கேட்டிருக்கிறீர்களா? சினிமாவைச் சொல்லாதீர்கள். சினிமாவில் துப்பாக்கி சுட்டால் எதிரொலி வரும், பின்னாலேயே வயலின் வரும். நிஜத்தில் ஒன்றும் வராது. காய்ந்த பலகையை ஓங்கி மிதித்து உடைத்த மாதிரி ஒரு சத்தம். அவ்வளவுதான். அது முடிந்துபோன பிறகுதான் அது என்ன என்று வயிற்றுக்குத் தெரியும்.

கேட்டதில்லை, அல்லவா? கேட்டிருக்க மாட்டீர்கள். மெட்ராஸில் துப்பாக்கியைப் பற்றிக் கருத்து இல்லாதவன் ஒருத்தன் கிடையாது. டீக்கடையில் நிற்பவனுக்கு ஒரு கருத்து, பீச்சில் நடப்பவனுக்கு ஒரு கருத்து. சத்தத்தைக் காதால் கேட்டவன் மட்டும் அகப்பட மாட்டான். கேட்டவனும் கேட்கவில்லை என்பான். அதைத்தான் சொல்ல வருகிறேன். ஜன்னல் பக்கம் நீங்களே இருங்கள், எனக்கு வேண்டாம், ஓரத்து சீட்தான் எனக்குத் தோது. மதுரை வரைக்கும் பகல் பஸ். எப்படியும் பொழுது போகவேண்டும்.

என் பெயர் குருவையா. சொந்த ஊர் சாத்தூர்ப் பக்கம். பள்ளிக்கூடம் போகவேண்டிய வயதில் பட்டாசு ஆலையில் திரி கிள்ளப் போனவன். பிறகு லாரியில் வெடிப் பெட்டியோடு பெட்டியாக மெட்ராஸில் வந்து இறங்கினேன். மூட்டை தூக்கினேன். பிளாட்பாரத்தில் பிளாஸ்டிக் வாளி விற்றேன். போலீஸ்காரன் வாளியை எட்டி உதைப்பான், உருண்டு போகும், பின்னாலேயே ஓடிப் பிடித்துக்கொண்டு வந்து அதே இடத்தில் வைத்து விற்பேன். இப்போது வண்ணாரப்பேட்டை பக்கம் கருப்பண்ண மேஸ்திரி தெருவில் சொந்தக் கடை. வருஷம் முழுக்க வாளி, குடம், முறம். தீபாவளிக்கு வெடி. அந்தத் தீபாவளிதான் சார் சாப்பாடு. மற்ற மாதங்கள் எல்லாம் வாய் கொப்பளிக்கிற மாதிரி.

என் பேரம் ஆலைக்காரர்களுக்குத் தெரியும். மற்ற வியாபாரி எல்லாம் பெட்டியைப் பார்த்து வாங்குவான், கலர்த் தாளுக்குக் காசு கொடுப்பான். நான் அப்படி இல்லை. பொட்டலில் கொண்டுபோய்ப் பற்றவைக்கச் சொல்லிவிட்டு முதுகைக் காட்டி நிற்பேன். கண்ணால் பார்க்கவே மாட்டேன். எது போன வருஷத்துச் சரக்கு, எது ஈரம் குடித்தது, எதில் மருந்தைக் குறைத்திருக்கிறான், எல்லாம் காது சொல்லிவிடும். ஒரு முதலாளி, பெரிய மனுஷர், ஒருதரம் என் தோளைப் பிடித்துக்கொண்டு, “ஏலே குருவையா, உன் காதை அறுத்து என் ஆலையில வச்சிட்டுப் போலே, நீ எங்கயும் போயிக்கோ” என்றார். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. உள்ளதைச் சொல்கிறேன்.

எங்கள் தெரு முனையில் டில்லிபாபு என்று ஒருத்தன் கரும்பு ஜூஸ் வண்டி போட்டிருந்தான். செத்துப்போனவனை நல்லவன் என்று சொல்லவேண்டும் என்பார்கள். நான் சொல்ல மாட்டேன். ஐஸை அள்ளிப் போட்டு ஜூஸைக் குறைக்கிற பயல். மற்றபடி வம்பு தும்பு இல்லாதவன். அவன் வண்டிக்கு நேர் எதிரே போன வருஷம் ஒரு கொலை நடந்தது. டிங்கர் உதயா என்று ஒருத்தன் இருக்கிறான். கார் ஒர்க்ஷாப்பில் தகரம் தட்டிக்கொண்டிருந்தவன், பிறகு ஆள் வைத்து அடுத்தவன் இடத்தைக் காலி செய்து கொடுக்கிற வேலைக்கு வந்தான். தகரம் தட்டுவதைவிட அதில் சத்தம் குறைவு. அவன் ஆட்கள் பட்டப்பகலில் ஒரு காண்டிராக்டரை வெட்டிப் போட்டுவிட்டுப் போனார்கள். தெருவே பார்த்தது. போலீஸ் வந்து கேட்டபோது தெருவில் ஒருத்தரும் பார்க்கவில்லை. இந்த டில்லிபாபு மட்டும், ‘நான் பார்த்தேன்’ என்று போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தான்.

அதற்குப் பிறகு அவனுக்குப் பெயரே சாட்சி என்று ஆகிவிட்டது. குடைக்கடை ஹனீபா பாய், “என்னா சாட்சி, இன்னிக்கு இஞ்சி தூக்கலா கீது?” என்று கேட்பார். பாத்திரக்கடை கோதண்டம், அவர்தான் எங்கள் வியாபாரிகள் சங்கத் தலைவர், “ஒரு கிளாஸ் சாட்சி குடுப்பா” என்பார். எல்லாரும் சிரிப்போம். அவனும் சிரிப்பான். எனக்குத்தான் பொறுக்கவில்லை. ஒருநாள் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்டேன்.

“ஏண்டா டில்லி, நீயும் ஒரு வியாபாரிதானே? ஒண்ணைக் கொடுக்கிறோம்னா அதுக்கு என்ன வருதுன்னு பார்க்க வேண்டாமா? அந்தக் கையெழுத்துக்கு உனக்கு என்னடா வந்துச்சு?”

“பார்த்தேன் அண்ணாச்சி. அதான் சொன்னேன்.”

“அதுக்கு என்ன வந்துச்சுன்னு கேக்கேன்.”

“இன்னா வரணும்? பார்த்தேன், சொன்னேன்” என்று சொல்லிவிட்டு வண்டியைத் துடைக்கப் போய்விட்டான்.

இதெல்லாம் ஒரு பதிலா, சார்? எனக்கு வந்த கோபத்துக்கு அன்றைக்கு அவனிடம் ஜூஸே குடிக்கவில்லை.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன், குறுக்கே பேசாமல் கேளுங்கள். எங்கள் தெரு மூலக்கொத்தளம் சுடுகாட்டுக்குப் போகிற வழி. நாள் தவறாமல் ஒரு சாவாவது போகும். மேளம், ஆட்டம், பூ, வெடி. வடசென்னைச் சாவு உங்கள் பக்கத்துக் கல்யாணத்தைவிட ஜோராக இருக்கும். வெடிச் சத்தம் முனையில் கேட்டதுமே நாங்கள் கம்பியைப் போட்டு ஷட்டரைப் பாதிக்கு இறக்கிவிடுவோம். போகிற பிணத்துக்கு மரியாதை. தாண்டினதும் ஏற்றிவிடுவோம். இதை யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுப்பதில்லை. கணக்குப் பார்த்துக்கொண்டே, போனில் பேசிக்கொண்டே, கை தானாகப் போகும்.

ஆடி மாதம் முடிகிற சமயம். உச்சி வெயில். தெருவில் கூட்டமில்லை. முனையில் ஒரு சத்தம் கேட்டது. தெரு முழுக்க ஷட்டர் இறங்கியது. பாதிக்குப் பாதி, வரிசையாக. கொஞ்ச நேரத்தில் இன்னொரு சத்தம்.

மேளம் எங்கே என்று கேட்கிறீர்கள், இல்லையா? பிறகு விசாரிக்க வந்த இன்ஸ்பெக்டர் அம்மாவும் அதைத்தான் கேட்டார். மேளம் பின்தங்கி வருகிற சாவும் உண்டு, சார். மேளக்காரன் எங்கேயாவது நின்று தண்ணி போட்டுவிட்டு வருவான்.

டில்லிபாபு வயிற்றைப் பிடித்துக்கொண்டு தெருவுக்குள் ஓடிவந்தான். எந்தக் கடைக்குள்ளாவது நுழைந்துவிடலாம் என்று வந்திருக்கிறான். தெருவில் எல்லாக் கடையிலும் ஷட்டர். கோதண்டம் கடையைத் தட்டினான். பாய் கடையைத் தட்டினான். தட்டிக்கொண்டே வந்தான். என் ஷட்டரையும் தட்டி, “அண்ணாச்சி” என்றான்.

நான் பாதிதான் இறக்கினேன். இதை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். மரியாதைக்கு எவ்வளவு இறக்க வேண்டுமோ அவ்வளவுதான் இறக்கினேன். மீதிப் பாதி தானாக இறங்கிவிட்டது. அந்த வாரம்தான் எண்ணெய் போட்டிருந்தோம், எண்ணெய் போட்டவனை அப்புறம் கூப்பிட்டுக் கண்டபடி திட்டினேன். உள்ளே ஒரே இருட்டு. கதவைத் திறந்துவிடலாம் என்றுதான் கையை விட்டுத் துழாவினேன். பார்த்தால் கொக்கி மாட்டியிருக்கிறது. யார் மாட்டியது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கடையில் நான் ஒருத்தன்தான் இருந்தேன்.

ஷட்டரை ஏற்றியபோது அவன் அடுத்த கடைப் படியில் கிடந்தான். பைக்கில் வந்தவர்கள் போய்விட்டார்கள். எங்கிருந்தோ சவாரி வந்த ஓர் ஆட்டோக்காரன், எங்கள் தெருக்காரன்கூட இல்லை, தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனான். பொழுது சாய்வதற்குள் டில்லி செத்துப்போனான் என்று சேதி வந்தது.

அதற்குப் பிறகு பார்க்கவேண்டும் சார் எங்கள் தெருவை! திருவிழா தோற்றுப்போகும். டிவிக்காரர்கள் வந்தார்கள். கோதண்டம் தலையைச் சீவிக்கொண்டு வந்து மைக்குக்கு முன்னால் நின்றார். “சுட்டவன் நல்ல உயரம். சிவப்பு. இடது கையால சுட்டான். நான் பதறிப்போயிட்டேன்” என்றார். அன்றைக்கே இன்ஸ்பெக்டர் அம்மா வந்து கேட்டதற்கு, “நான் உள்ள டிபன் சாப்டுனு இருந்தேன் மேடம், எனக்கு சுகர்” என்றார். டிவிக்குக் கண் தெரிந்த ஆளுக்குப் போலீஸைக் கண்டதும் பார்வை போய்விட்டது. எங்கெங்கோ இருந்து பையன்களும் பெண்களும் வந்து, “இங்கதானா? இந்தப் படியா?” என்று கேட்டுப் படம் பிடித்தார்கள். ஜூஸ் வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நின்று ஒருத்தன் சிரிக்கிறான். கன்னத்தில் ஒன்று வைத்தேன். “யோவ் பெருசு” என்று எகிறினான், இன்னொன்று வைத்தேன்.

இந்த ஊரில் இரண்டே கட்சிதான். சுட்டவனைச் சுடணும் என்கிறது ஒரு கட்சி. சும்மாவா சுடுவான், இவன் என்ன பண்ணினானோ என்கிறது இன்னொரு கட்சி. இரண்டிலும் இருப்பது ஒரே ஆள்தான். காலையில் பேப்பர் பார்க்கும்போது முதல் கட்சி. செத்தவன் அடுத்த தெருக்காரன் என்று தெரிந்ததும் இரண்டாவது கட்சி. எங்கள் சங்கத்து வாட்ஸாப்பில் காலையில் ஒருத்தன், ‘என்கவுண்டர் ஒன்றே தீர்வு’ என்று போட்டு மூன்று கும்பிடு வைத்திருந்தான். மத்தியானம் அவனே, ‘கரும்பு ஜூஸ் விற்பவனுக்குக் கோர்ட்டில் என்ன வேலை?’ என்று போட்டிருந்தான். அதற்கும் கும்பிடு.

சங்கம் கூடியது. ஒருத்தன் தூங்கினேன் என்கிறான், ஒருத்தன் கோயிலுக்குப் போனேன் என்கிறான். எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. எழுந்து சொன்னேன்.

“ஆளுக்கு ஒண்ணு சொன்னா ஆளுக்கு ஒருநாள் ஸ்டேஷன்ல உட்காரணும். தெருவுக்கே ஒரு பேச்சா இருக்கட்டும். ‘சாவு வெடின்னு நினைச்சோம், மரியாதைக்கு ஷட்டர் இறக்கினோம்.’ அவ்வளவுதான். இதுல எந்த வார்த்தை பொய்? யாராவது சொல்லுங்க பார்ப்போம்.”

கோதண்டம் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். “அண்ணாச்சி, நீங்க வக்கீலுக்குப் படிச்சிருக்கணும்.” தெரு மொத்தமும் அதையே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தோம். அந்த வாக்கியம் என்னுடையது. இன்றைக்கும் சொல்கிறேன், நல்ல வாக்கியம்.

சாவுக்கும் குறை வைக்கவில்லை. சங்கத்தில் ‘கண்ணீர் அஞ்சலி’ பிளெக்ஸ் வைத்தோம். செத்தவன் படம் உள்ளங்கை அளவு, கோதண்டம் படம் ஆள் உயரம். வெடி முழுக்க என்னுடையது. சொந்தக்காரன் குடோனில் இருந்து எடுத்துச் சும்மா கொடுத்தேன். வியாபாரத்துக்கு வந்த நாளிலிருந்து நான் சரக்கைச் சும்மா கொடுத்தது அன்றைக்குத்தான். ஊர்வலம் தெருவுக்குள் வந்தது. எல்லாரும் ஷட்டரைப் பாதிக்கு இறக்கிவிட்டு வாசலில் கை கட்டி நின்றோம். டில்லிபாபு பெண்டாட்டி கோமளா பின்னால் அழுதுகொண்டு வருகிறாள். வந்தவள் என் கடைக்கு நேரே நின்றுவிட்டாள். அழுகையை நிறுத்திவிட்டாள். வெடி வைக்கிறவனைக் கூப்பிட்டு, “இங்க ஒரு சரம் வையி” என்றாள். அவன் வைத்தான். வெடித்து முடிகிற வரைக்கும் என் மூஞ்சியையே பார்த்துக்கொண்டு நின்றாள். புகைக்குள்ளே இருந்து சொல்கிறாள்:

“நல்லா கேட்டுக்கினியா அண்ணாச்சி? இதான் வெடி.”

தெருவே பார்க்கிறது. எனக்கு எப்படி இருந்திருக்கும்? சும்மா கொடுத்த சரக்கு, சார் அது! நன்றி வேண்டாம், ஒரு மட்டு மரியாதை வேண்டாமா?

போகட்டும். புரட்டாசியில் வெடிக்கடைக்கு மனுப் போட்டேன். தெருவில் இன்னும் சிலரும் போட்டார்கள், பெரிய கடை என்னுடையதுதான். போலீஸ் ஆட்சேபம் இல்லை என்று எழுதித் தந்தால்தான் லைசென்ஸ். வருஷா வருஷம் வருகிற சம்பிரதாயம்தானே என்று சரக்கெல்லாம் பேசி முடித்துவிட்டேன். சிவகாசியில் லாரி ஏற்றத் தயாராக நிற்கிறது. அந்தச் சரக்கு விற்காவிட்டால் கடை என் கையில் நிற்காது. மனு திரும்பி வந்தது. தெரு மொத்தத்துக்கும் கிடையாது என்று.

ஓடினேன் ஸ்டேஷனுக்கு. இன்ஸ்பெக்டர் அம்மா ஒல்லியாக, சத்தமே போடாமல் பேசுகிற பொம்பளை. அந்த மாதிரி ஆளிடம்தான் ஜாக்கிரதையாக இருக்கவேண்டும்.

“உக்காருங்க. உங்க தெருவுக்கு இந்த வருஷம் வெடி கிடையாது. விக்கவும் கூடாது, வெடிக்கவும் கூடாது.”

“என்னம்மா இது அநியாயம்! காலங்காலமா போடுற கடை.”

“நீங்கதான் எழுதிக் குடுத்திருக்கீங்களே. உங்க தெருவில துப்பாக்கியால சுட்டா யாருக்கும் தெரியாது, பட்டாசுன்னு நினைச்சுக்குவீங்க. தெரு பூரா கையெழுத்துப் போட்டிருக்கீங்க. அப்படிப்பட்ட தெருவில தீபாவளிக்கு வெடி வெடிக்க விட்டேன்னு வைங்க, நடுவுல ஒருத்தன் வந்து சுட்டுட்டுப் போனா யாருக்குக் கேக்கும்? பொதுமக்களோட பாதுகாப்பு எனக்கு முக்கியம்.”

“அது ஒரு பேச்சுக்குச் சொன்னதும்மா.”

“பேச்சுக்கா? சரி, எது பேச்சுக்குச் சொன்னது, எது நிஜம்னு சொல்லுங்க, அதை எழுதிக்கறேன்.”

உங்களிடம் சொல்வதற்கென்ன, என்னை இப்படிச் சொந்த வாக்கியத்தாலேயே மடக்கினவன் ஒருத்தன் கிடையாது. ஆலை முதலாளி எல்லாம் இந்தப் பொம்பளையிடம் பிச்சை வாங்கவேண்டும்.

“என்ன பண்ணினா கிடைக்கும்? அதைச் சொல்லுங்க.”

“உங்க தெருவில வெடிக்கும் துப்பாக்கிக்கும் வித்தியாசம் தெரிஞ்ச ஆள் ஒருத்தராவது இருக்கணும். ஒருத்தர் போதும். இருந்தா, ஆட்சேபம் இல்லைன்னு எழுதிடறேன்.”

அப்புறம் நான் அலைந்த அலைச்சல் இருக்கிறதே! முதலில் கோதண்டம். “தலைவர் நீங்க. சத்தம் கொஞ்சம் வேற மாதிரி இருந்துச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. ஆளைப் பத்திக் கேட்டா தெரியாதுன்னுடுங்க” என்றேன். “எனக்கு சுகர், அண்ணாச்சி” என்கிறார். காதுக்கும் சுகருக்கும் என்ன சம்பந்தம்? “என் தீபாவளி கெட்டாலும் பரவாயில்ல, என் குடும்பம் முக்கியம்” என்கிறார். அப்படியென்றால் என் குடும்பம் என்ன, தவிடா? ஹனீபா பாயிடம் போனேன். பாய் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அண்ணாச்சி, மழை வருமா வராதான்னு கேட்டா நான் சொல்லுவேன். அது என் தொழில். சத்தத்தைப் பத்தி தெருவில யார் சொன்னா எடுபடும்னு உங்களுக்கே தெரியும்” என்றார். நைச்சியமாகத்தான் சொன்னார். மேசை மேலிருந்த குடையை எடுத்து உடைத்துப் போட்டுவிட்டு வந்தேன்.

ஒருத்தனும் வரவில்லை. கோழைப் பயல்கள். சரி, ஏதோ ஒரு விலைக்கு முடித்துவிடுவோம் என்று நானே போனேன். பேரம் எனக்குப் புதிதா? கொஞ்சம் கொடுத்து நிறைய வாங்குவதுதானே நம் தொழில்.

“சத்தம் துப்பாக்கிச் சத்தம்தான்மா. எனக்குத் தெரியும். அதோட முடிச்சுக்குவோம்” என்றேன்.

“எப்ப தெரிஞ்சுது?”

“முதல் சத்தத்துலயே.”

“எந்தப் பக்கத்திலேருந்து?”

“முனையில.”

“முனைன்னா ஜூஸ் வண்டிக்கு அந்தப் பக்கமா, இந்தப் பக்கமா?”

“இந்தப் பக்கம். பைக்கு இந்தப் பக்கம்தானே நின்னுச்சு.”

“பைக்கைப் பார்த்தீங்க.”

நாக்கைக் கடித்துக்கொண்டேன். “பைக்கை மட்டும்தான்மா. ஆளைப் பார்க்கலை.”

“பைக் தானா ஓடி வந்துச்சா?”

“ஹெல்மெட் போட்டிருந்தான்மா.”

“ரெண்டு பேருமா?”

இந்த இடத்தில் நான் ‘ஆமாம்’ என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அதோடு போயிருக்கும். மேசையில் அந்த அம்மாவின் கைக்கடியில் என் மனு இருந்தது. பக்கத்திலேயே முத்திரை. பேனாவின் மூடியைக்கூடத் திறந்து வைத்திருந்தார். சிவகாசியில் லாரி நிற்கிறது. “பின்னால உக்கார்ந்திருந்தவன் போடலை” என்றேன். சில போட்டோக்களை வரிசையாக வைத்தார். விரலை வைத்தேன். உதயாவின் தங்கச்சி மகன் அவன். சத்தத்தை மட்டும் விற்கப் போனவன், பைக், ஆள், முகம் என்று கடையையே காலி செய்துவிட்டு வந்தேன்.

ஆனால் ஒன்று. நான் டில்லிபாபு இல்லை. அவன் சும்மா கொடுத்தான். நான் கைமேல் வாங்கிக்கொண்டுதான் கொடுத்தேன். முத்திரை குத்தின தாளோடுதான் படி இறங்கினேன்.

தெரு மொத்தத்துக்கும் லைசென்ஸ் வந்தது. யாரால்? என்னால். யாராவது ஒருத்தன் வாயைத் திறந்து சொன்னானா? வியாபாரம் பிய்த்துக்கொண்டு போனது. துப்பாக்கிச் சூடு நடந்த தெரு என்று பார்க்க வந்தவன் எல்லாம் ஒரு பெட்டி மத்தாப்பு வாங்கிக்கொண்டு போனான். கோதண்டம்கூடக் கடையில் இடம் போதாமல் வாசலில் பந்தல் போட்டு விற்றார்.

கார்த்திகையில் ஒருத்தன் கடைக்கு வந்தான். நல்ல இஸ்திரிச் சட்டை. விபூதி. பிள்ளைக்குப் பொட்டு வெடி வேண்டும் என்றான். எடுத்துக் கொடுத்தேன். ஓர் அட்டையைப் பிரித்து, ஒரு பொட்டைக் கல்லாமேசை மேல் வைத்து, என் பேனாக் கத்தியின் பிடியாலேயே ஒரு தட்டுத் தட்டினான். டப் என்றது. “நல்ல சரக்கு” என்றான். “அண்ணாச்சிக்குக் காது ரொம்பக் கூர்மைன்னு சொன்னாங்க. உதயா அண்ணன் விசாரிச்சாரு. மொதல்ல ஒண்ணு எழுதிக் குடுத்தீங்களாமே, வெடின்னு நினைச்சேன்னு. ரொம்ப நல்லா எழுதியிருந்தீங்கன்னு அண்ணன் சொன்னாரு. கோர்ட்ல வந்து அதையே சொல்லிட்டுப் போயிடுங்க. வயசான காலத்துல அலையாதீங்க.” பெரிய நோட்டாகக் கொடுத்தான். சில்லறை எடுப்பதற்குள், “ஆட்டோவுக்கு வச்சிக்குங்க” என்று போய்விட்டான்.

தெருவில் இது எப்படியோ எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. டில்லியைக் கேலியாவது செய்தார்கள். எனக்கு அதுவும் இல்லை. டீ சொன்னால் எல்லாரும் குடித்துவிட்டோம் என்கிறார்கள். என் கடைக்கு முன்னால் பைக் நிறுத்துவதற்குச் சண்டை போட்டவர்கள் இப்போது நாலு கடை தள்ளி நிறுத்துகிறார்கள். கோமளா மட்டும் ஒருநாள் வந்தாள். ஜூஸ் வண்டியை இப்போது அவள்தான் போடுகிறாள். வாசலில் நின்று, “திங்கக்கெழம வருவியா?” என்று கேட்டாள். கோர்ட்டைத்தான் கேட்கிறாள், அன்றைக்குச் சாட்சி சொல்ல வரச்சொல்லி எனக்குச் சம்மன். “பார்ப்போம்” என்றேன். “பார்த்ததைத்தான் சொல்ல சொல்றாங்க, இன்னும் இன்னா பார்க்கணும்?” என்றாள். திமிர் பிடித்தவள். அவளிடம் நான் எதற்குப் பதில் சொல்லவேண்டும்? அந்த இன்ஸ்பெக்டர் அம்மா இருந்திருந்தாலாவது ஒரு வார்த்தை பேசிப் பார்க்கலாம். அவரை எங்கேயோ மாற்றிவிட்டார்கள். புதிதாக வந்தவர் போனையே எடுப்பதில்லை.

நான் பயந்துகொண்டு ஊருக்குப் போகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். சிவகாசியில் அடுத்த வருஷத்துக்குச் சரக்கு பேச வேண்டியிருக்கிறது. அப்படியே சாத்தூரில் மச்சினன் வீட்டில் இரண்டு நாள். என் சம்சாரம் சண்முகத்தாய்தான் கடைச் சாவியைப் பிடுங்கி வைத்துக்கொண்டு, “போயிட்டு வாங்க” என்றாள். ‘வாங்க’ என்றாளா, ‘போங்க’ என்று மட்டும் சொன்னாளா என்று யோசித்துக்கொண்டேதான் பஸ் ஏறினேன். திங்கட்கிழமைக்குத் திரும்பிவிடலாம். திரும்பாமலும் இருக்கலாம். கோர்ட்டில் இதையும் சொல்லலாம், அதையும் சொல்லலாம், இரண்டும் என் கையெழுத்துதான். இரண்டு பக்கமும் என்ன படிகிறது என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். அவசரப்பட்டு வாயைத் திறக்கிறவன் வியாபாரியே இல்லை.

என்ன சார், பையை எடுக்கிறீர்கள்? விக்கிரவாண்டியே இன்னும் வரவில்லை. பின்னால் சீட் காலியாக இருக்கிறதா? இங்கே என்ன குறைச்சல்? காற்று இல்லையா? காற்று வருகிற ஜன்னலே உங்களிடம்தானே இருந்தது?

சரி, சரி. போங்கள். விளக்கம் எல்லாம் வேண்டாம், எனக்குத் தெரியாத விளக்கமா? காலை மடக்கிக்கொள்கிறேன், தாண்டிப் போங்கள்.

சார், ஒரு நிமிஷம். எப்படியும் பின்னால்தானே போகிறீர்கள். கடைசிக்கு முந்தின வரிசையில் நீலத் தொப்பி போட்டுக்கொண்டு ஒருத்தன் இருப்பான். கிளாம்பாக்கத்தில் எனக்குப் பின்னால் ஏறினான். எனக்குத் திரும்பிப் பார்க்கிற பழக்கம் இல்லை. அவன் தூங்குகிறானா, முழித்திருக்கிறானா, அது மட்டும் தெரிந்தால் போதும்.

வாயைத் திறந்து சொல்லச் சொல்லவில்லை, சார். தூங்குகிறான் என்றால் கையை லேசாக அசையுங்கள். டிரைவருக்கு மேலே இருக்கிற கண்ணாடியில் பார்த்துக்கொள்கிறேன். நீங்கள் அசைத்ததை யாரும் பார்க்க மாட்டார்கள். விரலை அசைத்தால்கூடப் போதும்.